ஏழாம் நம்பர் வீடும் பதினோராம் நம்பர் வீடும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தெர்மல் கேமராவை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, எந்த வேளையில் படம் எடுப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதனால் நான் ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெளிவு வரவில்லை. தெளிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன் என்று தோன்றியதால் இப்போதே எழுதுகிறேன்.

நம் கம்பெனி அந்தக் கேமராவை வாங்கியது அரிசி ஆலைகளுக்காகவும் குளிர்பதனக் கிடங்குகளுக்காகவும்தான். நெல் அவிக்கும் நீராவிக் குழாயில் சூடு எங்கே வீணாகிறது, கிடங்குச் சுவரில் வெளிச்சூடு எந்த இடுக்கு வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது நம் பிழைப்பு. சூடான இடம் படத்தில் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும். முதல் மாதத்தில் ஒரு கிடங்கின் தகரச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சூடு கசிகிறது என்று சொல்லி, சுவரைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். கடப்பாறையை எடுத்த மேஸ்திரி, "மேடம், நீங்க நகந்தா அதுவும் கூடவே நகருதே" என்றார். பளபளப்பான தகரத்தில் தெரிந்தது என் உடம்பின் சூடு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இனி அந்த மாதிரித் தவறு செய்ய மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரித் தவறைத் திரும்பச் செய்யவில்லை என்பது உண்மைதான்.

ஒரு வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், எங்கோ ஓர் ஊரில் பழைய தொகுப்பு வீடு ஒன்றின் தளம் பெயர்ந்து விழுந்தது. உடனே, ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்த அந்த மாதிரிக் கான்கிரீட் வீடுகளையெல்லாம் இந்தப் பக்கத்திலும் பார்த்துவிட வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. பகல் முழுக்க வெயில் குடித்த தளம் நாலு மணிக்கு மேல் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். ஈரம் ஊறிய இடம் மட்டும் குளிர்ந்து நிற்கும். உடைக்காமலே அதைக் காட்டும் கருவி நம்மிடம்தான் இருந்தது. குடவாசலுக்குக் கிழக்கே ஓர் ஊரின் காலனி என் பங்குக்கு வந்தது. இருபது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் நலம், பழுது, அபாயம் என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். அபாயம் என்றால் அன்றைக்கே தாலுகா ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போகும்.

அந்த இடத்தின் கதை எனக்குப் பிறகுதான் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. நீங்கள் குழம்ப வேண்டாம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு காலத்தில் ஊர் மிராசுதார் வீட்டுக் களம், அறுத்த கதிரை அடிக்கும் இடம். கூலிப் போராட்ட வருடத்தில் வயலோரக் குடிசைகளிலிருந்து விரட்டப்பட்ட கூலிக்காரக் குடும்பங்கள் செங்கொடியோடு வந்து அந்தக் களத்தில் குடிசை போட்டுக்கொண்டன. போலீஸ் வந்தது, அடிதடி நடந்தது, இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பிறகு வந்த ஆட்சி குடிசைகளை எடுத்துவிட்டுத் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. காலனி நுழைவில் இருந்த வளைவில் ஆட்சி மாறும்போதெல்லாம் பெயரும் மாறியிருக்கிறது. பழைய எழுத்துகள் புதுப் பெயிண்டுக்கு அடியில் புடைத்துத் தெரியும். பட்டா மட்டும் எந்த ஆட்சியிலும் மாறவில்லை. அது மிராசுதார் குடும்பத்தின் பெயரிலேயே இருந்தது, வழக்கும் நடந்துகொண்டிருந்தது. குடியிருக்கிறவரைக்கும் மனை நம்முடையது, ஒரு வீடு காலியானால் அந்த மனை போய்விடும் என்ற பயத்திலேயே அந்த இருபது குடும்பங்களும் இருந்தன.

இது எதுவும் தெரியாமல் நான் புரட்டாசி மாதத்து வெயிலில் ஒரு சாயங்காலம் போய் முதல் பத்து வீடுகளைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் வீடு அஞ்சலையுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். வீட்டுக்குள் நுழைந்து கேமராவைத் தூக்கியதும் எனக்குத் திக்கென்றது. மற்ற வீடுகளின் தளமெல்லாம் ஒரே மஞ்சள். இங்கே தளத்தின் பாதி, நட்டநடுவில், கரு நீலம். இவ்வளவு பெரிய ஈரத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே ஒரு கறைகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தானே கருவி என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலை தண்ணீர் கொடுத்தார். "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். "அறிக்கையில வரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அபாயம் என்று எழுதி அன்றைக்கே அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து மீதிப் பத்து வீடுகளுக்காகக் குடவாசல் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து கைகூப்பினார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை. கும்பகோணத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். அந்தக் களம் யாருடையதோ அவருடைய பேரன் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னார்.

"ஏழாம் நம்பர் ரிப்போர்ட் வக்கீல் மூலமா பாத்தேம்மா. அவங்களைத் தெருவுல நிறுத்தணும்னு நான் சொல்லலை. வேற இடம் குடுக்கட்டும். இந்த வீடுங்க எல்லாம் வயசாயிடுச்சு. நாளைக்கு இடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்க மனசாட்சிப்படி எழுதுங்க, அது போதும்."

அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் நான் எழுதிய ஒரு சொல் மூன்று நாளில் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

காலனியில் எனக்காகக் கூட்டமே காத்திருந்தது. ஏழாம் நம்பர் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அஞ்சலை அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எந்த ஊரும்மா நீ?"

"வலங்கைமான் பக்கம்மா."

"பக்கம்னா, எந்தத் தெரு?"

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடப் பழகியிருந்தேன். அன்றைக்கு நகர முடியவில்லை.

"காலனிதாம்மா. எங்கப்பாவும் நடவு, அறுப்புன்னு போனவருதான்."

அஞ்சலை என்னையே பார்த்தார். "அப்ப நீயுமா இப்படி எழுதுன?"

"நான் எழுதலம்மா, மெஷின்ல அப்படி வந்துச்சு" என்றேன். அந்த வார்த்தையை நீங்கள் ஒருநாளும் சொல்லாதீர்கள். சொன்ன உடனேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னா வந்துச்சு? காட்டு."

படத்தைக் காட்டினேன். கூட்டமே எட்டிப் பார்த்தது. அஞ்சலை நீலத்தின் ஓரத்தை விரலால் தடவினார். "நாலு பக்கமும் நேரா இருக்கே" என்றார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அங்கே மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. "ஏறு."

ஏறிப் பார்த்தேன். தளத்தின் நடுவில் தார்ப்பாய் விரித்து, அவித்த குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. கூலியாக வந்த நெல். மூன்று நாளுக்கு முன்னால் நான் வந்த அன்றைக்கும் முதல் அவியலை இதே இடத்தில்தான் அஞ்சலை காயப் போட்டிருந்தார். மேகம் கறுத்ததால் நான் வருவதற்குச் சற்று முன்பு அள்ளிவிட்டுத் தளத்தைக் கூட்டியிருந்தார். பகல் முழுக்க ஈர நெல்லுக்கு அடியில் இருந்த தளத்தில் வெயில் படவே இல்லை. அதனால் அது குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். நெல்லை அள்ளச் சொல்லி, நாலரை மணிக்குக் கீழே போய் மறுபடி படம் எடுத்தேன். அதே நீலம், அதே நாலு மூலை. ஒரு கம்பை வாங்கித் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். எங்கும் கெட்டியான சத்தம். தண்ணீர் அளவுகோல் வைத்துக் கசியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் செய்தேன். "ஏழாம் நம்பர் தப்பா எழுதிட்டேன் சார். நலம்னு மாத்தணும். நோட்டீஸை எடுக்கச் சொல்லுங்க."

"உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியா சொல்றேன் சார்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். எனக்குக் காப்பி வந்தது, முறுக்கு வந்தது. அஞ்சலை என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம புள்ள, புரிஞ்சுக்கிச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒரு தவறைத் திருத்தியதற்காக இவ்வளவு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் பதினோராம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்தேன். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நம்பர் ராசேந்திரன் வீடு. ஆட்டோ ஓட்டுகிறவர், முப்பது வயது இருக்கும். மனைவி கலாவுக்கு முத்துப்பேட்டை. ஒரு கைக்குழந்தை. தளத்துக் கொக்கியில் சேலைத் தூளி கட்டி, குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. கேமராவைத் தூக்கினேன். தூளிக்கு மேலே ஒரு நீலம். ஏழாம் நம்பர் அளவுக்குப் பெரிதில்லை. ஓரங்கள் நேராகவும் இல்லை. ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் நீண்டு, சிந்திய தண்ணீர் மாதிரி இருந்தது.

நான் கேட்டேன்: "மேல நெல்லு காயப் போட்டிருந்தீங்களா?"

ராசேந்திரன் ஒரு கணம் கலாவைப் பார்த்தார். "ஆமாங்க மேடம். காலையில."

கலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தது போல இருந்தது. பிறகு தூளியை ஆட்டிவிடத் திரும்பிக்கொண்டார்.

நெல்லைக் காலால் கிளறிவிடுவார்கள், அதனால் ஓரம் கலைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் தட்டிப் பார்க்கலாம் என்று கம்பை எடுத்தேன். "தட்டாதீங்கக்கா, இப்பதான் தூங்குச்சு" என்றார் கலா. மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால் ஏணி அஞ்சலை வீட்டில் இருந்தது. இன்னும் ஒன்பது வீடு பாக்கி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தளம் ஆறிவிட்டால் படம் தெளியாது. நலம் என்று எழுதினேன்.

எழுதும்போது மனதுக்குள் ஏதாவது உறுத்தியதா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சில நாள் உறுத்தியது போல ஞாபகம் வருகிறது. சில நாள் இல்லை. நடந்தது தெரிந்த பிறகு ஞாபகமும் அதற்கேற்ப மாறிவிடுகிறதோ என்னவோ.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை மேலாளர் போன் செய்தார்.

"பதினொன்னுக்கு என்ன எழுதுனீங்க?"

"நலம் சார்."

"திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

தளத்தில் ஒரு பாளம், தூளிக்கு மேலே இருந்த பகுதி, கம்பியோடு பெயர்ந்து விழுந்திருந்தது. குழந்தையைத் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டு கலா திரும்பிய அந்த நேரம். கலாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எப்படி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வார்டுக்கு வெளியே ராசேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சிமெண்டுத் தூள். குழந்தை அவர் மடியில் இருந்தது. கொஞ்சம் தள்ளி, ஜன்னல் ஓரத்தில், டீக்கடையில் பார்த்த தலைமையாசிரியர் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் யாரிடமும் பேசவில்லை. நான் அவரைக் கடந்து போக வேண்டியிருந்தது. இடிந்து விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அன்றைக்கு அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கேட்டவர் அவராக இருந்ததால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ராசேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசியிருக்கவே கூடாத ஒன்றைப் பேசினேன்.

"நெல்லு காயப் போட்டோம்னு சொன்னீங்களேப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எங்களுக்கு ஏதுக்கா நெல்லு? நான் ஆட்டோ ஓட்டுறேன். ரேஷன் அரிசிதான் திங்கிறோம்."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"நீங்க அப்படித்தானே கேட்டீங்க."

அவரே தொடர்ந்தார். "இல்லன்னு சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

"அபாயம்னு எழுதியிருப்பேன்."

"அப்ப?" என்றார். குழந்தையை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்தேன். என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மேலாளர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நான்கு தடவை எழுதினேன். முதல் விளக்கத்தில் குற்றம் ராசேந்திரன்மேல் இருந்தது, பொய்த் தகவல் தந்தார் என்று. இரண்டாவதில் நேரமின்மைமேல். மூன்றாவதில் தூங்கிய குழந்தைமேல்; அதைப் படித்துப் பார்த்ததும் கிழித்துப்போட்டேன். நான்காவதில் எல்லாம் என் தவறு என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை என்று பட்டது. ஆனால் அதைத்தான் கொடுத்தேன். ஏழாம் நம்பரில் எனக்கு ஒன்றும் தெரியாமல் தவறு செய்தேன். பதினொன்றில் தெரிந்துகொண்டதால் தவறு செய்தேன். மூன்று நாளுக்கு முன்னால் போயிருந்தால் அதே நீலத்தைப் பார்த்து அபாயம் என்று சரியாக எழுதியிருப்பேன். இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது? கற்றுக்கொள்ளாதே என்றா? உங்களில் யாருக்காவது புரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அந்த வீட்டுத் தளத்தைப் பிற்பாடு முழுதாக இடித்துப் புதிதாகப் போட்டார்கள், ராசேந்திரன் குடும்பம் திரும்பி வந்தது. கலாவின் கை தலைக்கு மேலே முழுதாகத் தூக்க வராது என்று கேள்வி. தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிக்கு ரொட்டியோடு வந்ததும் உண்மை, அந்த விபத்தை வழக்கில் கூடுதல் மனுவாகப் போட்டதும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே மனிதர்தான். அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வர என்னால் முடிந்ததில்லை. வழக்கு நான் ஓய்வு பெறும்வரை முடியவில்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தத் தை மாதத்தில் நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எனக்குச் சாதகமாக முடிந்துவிடும்.

தளத்துக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, கலாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ராசேந்திரன் முத்துப்பேட்டைக்குப் போய்விட்டார். தை மாதத்தில் காலனி முழுவதையும் மறு ஆய்வு செய்யச் சொன்னார்கள். என்னை இரண்டு மாதம் ஆலைக் கொதிகலன்களுக்கு அனுப்பி வைத்திருந்த மேலாளர், "ஒரு தடவை சுட்டுக்கிட்டவங்கதான் ஒழுங்கா பாப்பாங்க" என்று சொல்லி என்னையே மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது: குடியிருப்பு உண்டு, இல்லை. வழக்குக்காகக் கேட்டிருந்தார்கள்; இல்லை என்று எழுதினால் அந்த மனை போய்விடும்.

ஒவ்வொரு வீட்டிலும் மேலே ஏறினேன். ஒவ்வொரு தளத்தையும் தட்டினேன். யார் வீட்டில் எது காய்ந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை, ஏறிப் பார்த்துக்கொண்டேன். பதினோராம் நம்பருக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே முட்டுக் கம்புகள். ஆள் இல்லை. கொல்லைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானையில் சோறு கொதித்தது. அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் கேமராவில் பளீரென்று மஞ்சளாகத் தெரிந்தது. ஒருநாள் மூட்டிய அடுப்பு இல்லை. சுவர் அடிவரை சூடேறி, புகை படிந்து கறுத்திருந்தது. திண்டில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் தட்டு. ஒரே வீட்டுத் தட்டுகளாகத் தெரியவில்லை.

வாசலுக்குத் திரும்பி வந்தேன். எதிர்ச் சாரியில், ஏழாம் நம்பர் வாசலில், அஞ்சலை கையில் அகப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வா" என்று கூப்பிடவில்லை. பக்கத்து வாசல்களிலும் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் படத்தைச் சேமித்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பருக்குப் போனேன்.

தாலுகா ஆபீஸில் படிவத்தை வாங்கிப் படித்த அதிகாரி பதினோராம் வரியில் நின்றார்.

"உண்டா இல்லையான்னு கேட்டிருக்கு. நீங்க அடுப்பு சூடாக இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க?"

"நான் பாத்தது அதான் சார்."

"அடுப்பு எரிஞ்சா ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அது எனக்குத் தெரியாது சார். தளத்துல அபாயம்னும் எழுதியிருக்கேன், பாருங்க. முட்டு இருக்கிறவரைக்கும் உள்ளே யாரும் படுக்கக் கூடாது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வயதானவர், பொறுமையானவர். என் பழைய அறிக்கைகளையும் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"சரி. அடுப்பை மூட்டினது யாருன்னு கேட்டீங்களா?"

"கேக்கல சார்."

"கேக்கணும்னு தோணலையா?"

தோன்றியது. "இல்லை சார்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.